வாசலுக்கு மூன்று அடி

ஒக்கலிபுரம், பெங்களூரு
9 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அனுஷா அவர்களுக்கு,

என் பெயர் கோவிந்தன். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. உங்களுடைய பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் எஸ்.பி. ரோட்டில் ஒரு சந்துக் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். என் மனைவி சரசுவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதமாகப் படுக்கை. அவளுக்குப் பிடித்த படங்கள் எண்பது தொண்ணூறு, டிவிடியாக வீட்டில் கிடக்கின்றன. பிளேயர் செத்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தால் படுக்கையறை டிவியிலேயே பார்க்கலாம் என்று எதிர்வீட்டு கில்பர்ட் சொன்னார். சொன்னதோடு சரி, அவருக்கும் அதற்கு மேல் தெரியாது.

கம்ப்யூட்டரை டிவியில் மாட்டிப் போட்டேன். படம் வரவில்லை, மழை வந்தது. சின்னச் சின்னக் கட்டமாய் வரைந்த பழைய காலத்து வீடியோ கேம் மாதிரி ஓர் ஊர். ஓட்டு வீடு, அவரைப் பந்தல், தூரத்தில் ஒரு குளம். வீட்டுக்குள் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் நிற்கிறாள், தலைக்கு மேல் ‘அக்கா’ என்று எழுதியிருக்கிறது. வாசலுக்கு வெளியே ஒருத்தன் சுருண்டு தூங்குகிறான். அவன் தலைக்கு மேல் ‘தம்பி’. யாரும் ஒன்றும் செய்வதில்லை. மழை மட்டும் பெய்கிறது. நானும் சரசுவும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

நான் இருபத்தொன்பது வருடம் சிட்டி ரயில் நிலையத்து க்ளோக் ரூமில் இருந்தவன். பயணிகள் ஒப்படைத்துவிட்டுப் போகிற பெட்டிகளைக் காக்கிற வேலை. அங்கே மூன்று விஷயம் கறார். பிறர் பெட்டியைத் திறக்கக் கூடாது, தூக்கி எறியக் கூடாது, கையெழுத்து வாங்காமல் யாரிடமும் கொடுக்கக் கூடாது. இந்த ஊர் தானாகத் திறந்துகொண்டது, அதற்கு நான் பொறுப்பில்லை. வேறு எதையும் தொடவில்லை. மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த கூரியர் சீட்டில் உங்கள் பெயரும் வைட்ஃபீல்ட் விலாசமும் இருந்தன.

இதை அழித்துவிடலாமா, அல்லது உங்களுக்கு வேண்டுமா? பதில் வரும்வரை பத்திரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ம. கோவிந்தன்


வைட்ஃபீல்ட்
14 ஜூன் 2025

திரு. கோவிந்தன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து முதலில் பயந்துபோனேன். விற்கும்போது எல்லாவற்றையும் துடைத்துவிடுவதாகத்தான் அந்தக் கடையில் சொன்னார்கள். நானே செய்திருக்க வேண்டும். தவறு என்னுடையது.

எனக்கு அது வேண்டாம், அழித்துவிடுங்கள். விளையாட்டை மூடினால் இடது பக்கம் ‘ஊர்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை வலது பட்டனால் அழுத்தி ‘டெலீட்’ கொடுங்கள். குப்பைக் கூடையையும் காலி செய்துவிடுங்கள். பிறகு உங்கள் படங்களுக்கு நிறைய இடம் கிடைக்கும்.

ஒவ்வொரு டிவிடியையும் ஒரே ஃபைலாக மாற்றி ‘படங்கள்’ என்ற ஃபோல்டரில் போட்டு, படத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். அதிலேயே ஒரு மீடியா சர்வர் புரோகிராம் இருக்கிறது. அது போஸ்டரைத் தானே தேடி ஒட்டிக்கொள்ளும்.

இனி எழுத வேண்டிய அவசியம் இருக்காது. உங்கள் மனைவி சீக்கிரம் நடக்க வேண்டும்.

அனுஷா

பி.கு. அங்கே எப்போதும் மழை பெய்யாது. வெளியே என்ன மாதமோ அதுதான் அங்கேயும். நவம்பரில் பனி இறங்கும்.


ஒக்கலிபுரம்
20 ஜூன் 2025

அன்புள்ள அனுஷா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆனால் வேலை முடியாமல் கணக்கை மூடிப் பழக்கமில்லை எனக்கு.

நீங்கள் சொன்னபடியே போனேன். வலது பட்டனை அழுத்தினேன், டெலீட் என்று வந்தது. அந்த நேரம் பார்த்துக் கட்டிலிலிருந்து சரசு போட்ட சத்தத்தில் கில்பர்ட் வீட்டு நாயே குரைத்தது. “இன்னாய்யா நீ, மனுசனா? தூங்குற புள்ளைய அழிக்கப் போறியா? கைய எடு மொதல்ல!” எடுத்துவிட்டேன். நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் எப்போது கையை எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அதோடு விடவில்லை. மூன்று நாளாக அவன் நனைகிறான் என்று ஒரே புலம்பல். “அது பாட்டுக்கு ஊத்துது, அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள சும்னே நிக்கிறா. ஒரு கூரையாவது போடேன்யா.” கம்ப்யூட்டரோடு வந்த ஜாய்ஸ்டிக்கை வைத்து அக்காவை நடத்தக் கற்றுக்கொண்டேன். இரண்டு முறை குளத்தில் விழுந்தாள், மன்னிக்கவும். மரம் வெட்டி, நாலு கால் நட்டு, தம்பியின் தலைக்கு மேல் ஒரு கூரை போட்டாயிற்று. வாசலிலிருந்து சரியாக மூன்று அடி தள்ளித் தூங்குகிறான். குடித்துவிட்டு வந்து வாசலில் விழுந்த கேஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். சரசு அதற்கும் திட்டினாள்.

அப்படியே இடத்தையும் சுத்தம் செய்துவிட்டேன். குளத்திலிருந்து வீடு வரைக்கும் வழி நெடுக விளக்குகள் கிடந்தன. நடைபாதையில் சாமான் கிடந்தால் என் கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் எடுத்து, அக்காவின் வீட்டுக்குள் இருக்கிற மரப்பெட்டியில் அடுக்கிவிட்டேன்.

இப்போது மத்தியானத்தில் சரசு படம் பார்ப்பதில்லை, மழையைத்தான் பார்க்கிறாள். எங்கள் ஜன்னலுக்கு வெளியே ரயில்வே சுவர் தவிர ஒன்றும் தெரியாது. பாதித் தூக்கத்தில், “நாளைக்கு அவரை பறிக்கணும்” என்கிறாள். எந்த ஊர் அவரை என்று நான் கேட்பதில்லை.

ஒரு சந்தேகம். ராத்திரி படம் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திக்குகிறது. ஏன்?

கோவிந்தன்


வைட்ஃபீல்ட்
27 ஜூன் 2025

கோவிந்தன் அங்கிளுக்கு,

இப்படிக் கூப்பிடலாம் அல்லவா? ‘திரு.’ என்று எழுதினால் உங்கள் கடிதத்துக்குப் பொருந்தவில்லை.

திக்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வைஃபை. கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டருக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். நூறு ரூபாய் கேபிள் தீர்த்துவைக்கிற பிரச்சினைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் என் ஆபீஸிலேயே இருக்கிறார்கள். இன்னொன்று, உங்கள் டிவிக்குப் புரியாத வடிவத்தில் படம் இருந்தால் கம்ப்யூட்டர் ஓடும்போதே அதை மாற்றிக் கொடுக்கிறது. கிழட்டு கம்ப்யூட்டர், அதனால் மூச்சு வாங்குகிறது. படங்களை ஒரே தடவையாக எம்பி4 ஆக மாற்றி வைத்துவிட்டால் அந்த வேலையே இல்லை. முக்கியமானவற்றை வேறொரு டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள். ஒரே டிஸ்க்கை நம்பாதீர்கள்.

தம்பி என்பது என் தம்பிதான். அஷ்வின். நாங்கள் ஆம்பூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் எங்களுக்கு நாங்கள் இருவர்தான். அந்த ஊரை அவன்தான் அமைத்தான். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் இருவரும் ஆளுக்கொரு திரையில் உட்கார்ந்து அவரைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அதில் பேச முடியாது. உட்காரலாம், கையசைக்கலாம், தூங்கலாம், அவ்வளவுதான். யார் விளையாட்டிலிருந்து வெளியே போனாலும் அவர்கள் நின்ற இடத்திலேயே தூங்குவார்கள்.

போன வருடம் சண்டை வந்தது. நான் சிபாரிசு செய்து என் ஆபீஸில் அவனைச் சேர்த்தேன். நாலு மாதத்தில் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டான். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து, “இனி என் வாசப்படி மிதிக்காதே” என்றேன். போய்விட்டான்.

ஆன்ட்டியிடம் கூரைக்கு நன்றி சொல்லுங்கள். படித்துவிட்டு அழுதேன், ஏனென்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது அஷ்வின் குளக்கரையில் இருந்தான். வாசலில் இருக்க முடியாது. எங்கள் ஊரில் விளக்கும் கிடையாது. எந்த விளக்கைச் சொல்கிறீர்கள்?

அனுஷா


ஒக்கலிபுரம்
3 ஜூலை 2025

அன்புள்ள அனுஷா,

சரசு உன்னை ‘நீ’ என்றே எழுதச் சொல்கிறாள். கூரை போட்டுக் கொடுத்தவர்களுக்கு அந்த உரிமை உண்டாம்.

விளக்குகள் மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று. எப்படித் தெரியும் என்றால், எண்ணினேன். ஒரு சாமானை இடம் மாற்றுவதற்கு முன்னால் எழுதி வைக்காமல் நான் மாற்றியதில்லை. க்ளோக் ரூமில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு, எந்த ராக், எந்தத் தட்டு, எந்த நாள் என்று. இங்கேயும் ஒவ்வொரு விளக்கின் மேலும் கையை வைத்தால் ‘வைத்தவர் தம்பி, வைத்த நாள் இன்னது’ என்று சின்னதாக வருகிறது. பழைய ரெஜிஸ்டர் ஒன்று காலியாகக் கிடந்தது, அதில் எழுதினேன். சரசு சிரித்தாள், ரிட்டயர் ஆனாலும் புத்தி ஆகவில்லை என்று.

நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், ஆறு பக்கம். முதல் விளக்கு குளக்கரையில், போன வருடம் ஆகஸ்ட் மூன்றாம் தேதி. அடுத்தது மறுநாள், ஓர் அடி தள்ளி வீட்டுப் பக்கம். அதற்கு மறுநாள் இன்னோர் அடி. இப்படியே நாளுக்கு ஒன்று. எல்லாம் மாலை ஏழு மணிக்கு மேல். நவம்பரில் பத்திலிருந்து பதின்மூன்று வரை நாலு நாள் மட்டும் இல்லை. சரசு காய்ச்சலாக இருக்கும் என்றாள். பதினாலாம் தேதியிலிருந்து மறுபடி.

கடைசி விளக்கு இந்த வருடம் மார்ச் ஏழு. குளத்திலிருந்து உன் வாசலுக்கு இருநூற்றுப் பதினாறு அடி. இருநூற்றுப் பதின்மூன்று வந்துவிட்டான். இன்னும் மூன்றே அடி இருக்கும்போது ஏன் நின்றான் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று சரசு நேற்று சாப்பிடவில்லை. உனக்குத் தெரியுமா?

படம் இப்போது திக்குவதில்லை. கேபிள் எண்பது ரூபாய்தான்.

கோவிந்தன்


வைட்ஃபீல்ட்
9 ஜூலை 2025

அங்கிள்,

அவன் நிற்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

மார்ச் எட்டு, சனிக்கிழமை. செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் அந்த கம்ப்யூட்டர் இரவும் பகலும் முனகிக்கொண்டே இருக்கும். அவன் போனபின் அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. டிவியில் படம் பார்க்க மட்டும் வைத்திருந்தேன். ஊரை நான் திறந்தே பார்க்கவில்லை, ஆனால் கம்ப்யூட்டர் ஓடும்வரை அவன் எங்கிருந்தும் இண்டர்நெட் வழியாக அதற்குள் வரலாம். ஏழு மாதம், ஒரு நாள்கூட. அன்று காலை ஒயரைப் பிடுங்கி, கடைக்காரனை வரச்சொல்லிக் கொடுத்துவிட்டேன். வீடு அமைதியானது என்று சந்தோஷப்பட்டேன்.

ஆகஸ்ட் மூன்றுதான் அவனைப் போகச் சொன்ன நாள். அன்று மாலையே முதல் விளக்கை வைத்திருக்கிறான். வாசப்படி மிதிக்காதே என்றேன். அதனால்தான் ஒரேயடியாக வராமல் நாளுக்கு ஓர் அடி வந்திருக்கிறான். அவன் அப்படித்தான், சின்ன வயதில் கோபித்துக்கொண்டால் சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்காருவான்.

உங்கள் ஆறு பக்கத்தையும் தரையில் பரப்பி வைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸ் போகவில்லை.

உங்கள்மேல் கோபமாகவும் இருக்கிறது. ஏன் அங்கிள் அதை எல்லாம் எடுத்தீர்கள்? யாராவது கேட்டார்களா? அது குப்பையா? தயவுசெய்து ஒன்று விடாமல் இருந்த இடத்தில் வையுங்கள்.

அவனுடைய பழைய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. நண்பர்களைக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இனி ஒரே வழிதான். அந்த ஊருக்கு இண்டர்நெட்டில் ஒரு பெயர் உண்டு, அது என் கணக்கில் இருக்கிறது. அதை உங்கள் வீட்டு லைனுக்குத் திருப்பிவிடுகிறேன். நீங்கள் ரௌட்டரில் ஒரே ஒரு போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழி, திறக்க வேண்டும். தனித் தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் திறக்காதீர்கள், ரௌட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அவனிடம் விளையாட்டு இன்னும் இருந்தால், எங்கள் ஊரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரியும். அவன் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தாலும் வர மனசிருக்க வேண்டும்.

அனுஷா


ஒக்கலிபுரம்
17 ஜூலை 2025

அன்புள்ள அனுஷா,

நீ கோபப்பட்டது நியாயம். இருபத்தொன்பது வருடத்தில் ஒருவர் சாமானைக்கூட நான் கலைத்ததில்லை என்று பெருமை பேசுவேன். கடைசியில் ஒரு பையனின் ஏழு மாதத்தை நாலு மத்தியானத்தில் பெருக்கித் தள்ளியிருக்கிறேன். மன்னித்துவிடு.

இருநூற்றுப் பதின்மூன்றையும் வைத்தாயிற்று. சரசு ரெஜிஸ்டரைப் படிக்க, நான் வைக்க, ஆறு நாள் ஆனது. இப்போது சீட்டில் ‘வைத்தவர் அக்கா’ என்று காட்டுகிறது. அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. சரசு அது பரவாயில்லை என்கிறாள். “அக்காவும் வச்சா இன்னா தப்பு?” என்கிறாள்.

கடைசி மூன்று அடியைக் காலியாக விட்டிருக்கிறோம். அது எங்கள் வேலை இல்லை.

ரௌட்டர் கதை தனி. நீ எழுதிய தாளில் நாலாவது வரியை விட்டுவிட்டு ஐந்தாவதைச் செய்தேன். இரண்டு நாள் நெட் இல்லை. எங்கள் லைனில்தான் கில்பர்ட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. அவரே வந்து கேட்டார், “ஏன் நெட் வரல?” என்று. அவரை உட்கார வைத்து நாலாவது வரியைப் படிக்கச் சொன்னேன். இப்போது ஊர் திறந்திருக்கிறது.

மாலையில் ஊர் எப்படி இருக்கிறது தெரியுமா? மழை நின்றதும் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தாமே எரியத் தொடங்குகின்றன. குளத்தில் அவற்றின் நிழல் ஆடுகிறது. சரசு அறை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அந்த வெளிச்சத்திலேயே படுத்திருக்கிறாள். நேற்றுக் கனவில் அந்த வழியாக நடந்தாளாம். கால் வலிக்கவே இல்லையாம். எழுந்ததும் தன் காலை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

ஒரு பயம் மட்டும். அவன் வந்தால், இங்கே அக்காவை நடத்துவது நான். அவன் நீ என்று நினைத்துக்கொள்வான். உன் பெயரில் நான் கையசைத்தால் அது மோசடி. அசைக்காவிட்டால் நீ முகம் கொடுக்கவில்லை என்றாகிவிடும். அக்காவை உன் வீட்டிலிருந்து நடத்த முடியாதா? இல்லையென்றால் இங்கே வந்துவிடு. மாலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் காபி உண்டு.

கோவிந்தன்


வைட்ஃபீல்ட்
30 ஜூலை 2025

அங்கிள், ஆன்ட்டி,

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டியது நீங்கள். நீங்கள் எழுதி வைத்திருக்காவிட்டால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. நானாகத் திறந்திருந்தாலும் தேதி பார்த்திருக்க மாட்டேன்.

அக்கா அந்த கம்ப்யூட்டரின் சொந்தக்காரி. அவளை அங்கிருந்து மட்டும்தான் நடத்த முடியும். மற்றவர்கள்தான் வெளியிலிருந்து வரலாம்.

வரச் சொல்கிறீர்கள். ஆபீஸில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ் நேரம், வேலை கழுத்துவரை இருக்கிறது. வைட்ஃபீல்டிலிருந்து சாயங்காலம் கிளம்பினால் டிராஃபிக். இதெல்லாம் பொய், நீங்கள் மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். நான் வந்து அக்காவாக உட்கார்ந்து, அவன் வராமலே போனால்? இப்போது ஒரு வேளை வருவான் என்றிருக்கிறது. அதையும் இழக்க எனக்குத் தைரியம் இல்லை. பதின்மூன்று நாளாகப் பச்சைப் புள்ளி எரிகிறது. ஒன்றும் இல்லை.

நாலு நாளில் ஒரு வருடம் ஆகிறது. ஆகஸ்ட் கடைசி வரை பார்ப்போம். பிறகு அணைத்துவிட்டு, அந்த இடத்தில் ஆன்ட்டிக்குப் பிடித்த படங்களைப் போடுங்கள். உங்கள் கரண்ட் பில்லையும் நான் எவ்வளவு நாள் ஏற்றுவது?

அதுவரை ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி மாட்டுங்கள், கரண்ட் போனாலும் ஊர் அணையாது. கம்ப்யூட்டரை அலமாரிக்குள் அடைக்காதீர்கள், காற்று வேண்டும் அதற்கு. முனகினால் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அனுஷா


வைட்ஃபீல்ட், உன் அபார்ட்மெண்ட் கேட்
6 ஆகஸ்ட் 2025, மத்தியானம் 1.40

அனுஷா,

உன் கேட்டில் செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் நாலு நாள் ஆகும், அதற்குள் காரியம் கெட்டுவிடும். உன் நம்பர் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இடது காது எனக்குச் சுத்தமாகக் கேட்காது. வலது காது வேண்டியதை மட்டும் கேட்கும் என்பது சரசுவின் புகார். மெட்ரோவில் வந்தேன், ஒரே வண்டி, உட்கார இடம்கூடக் கிடைத்தது. டிராஃபிக் எதுவும் கண்ணில் படவில்லை. இண்டர்காமில் பேசிப் பார்த்தார்கள், நீ வீட்டில் இல்லை. நீ வந்ததும் முதலில் இதைக் கையில் கொடுப்பதாக இந்த செக்யூரிட்டிக்காரர் சத்தியம் செய்திருக்கிறார்.

நேற்று மாலை ஏழு பத்துக்கு அவன் எழுந்தான்.

நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். சரசு, “யோவ், எந்திரிச்சிட்டான்யா” என்றாள். அவள் சத்தமே போடவில்லை, அதனால்தான் ஓடி வந்தேன். அவன் கூரைக்கு அடியில் நிற்கிறான். மேலே பார்க்கிறான். கூரையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். பிறகு குளம் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தான். ஒவ்வொரு விளக்காகத் தொட்டுப் பார்த்தான். எல்லாவற்றிலும் உன் பெயர் இருந்திருக்கும்.

அக்கா கதவை மூடிக்கொண்டு உள்ளே நிற்கிறாள். ஜாய்ஸ்டிக் என் மடியில். நான் கையே வைக்கவில்லை. வியர்த்துவிட்டது. அவன் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். சரசு என் மடியிலிருந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினாள். “பெட்டியைத்தான்யா குடுக்கக் கூடாது. கதவத் தொறக்கலாம்ல?” என்று கதவை மட்டும் திறந்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். இதற்கு எங்கள் ரூலில் இடமிருக்கிறதா என்று நான் யோசித்துப் பார்த்தேன். எதிராக ஒன்றும் இல்லை.

அவன் உள்ளே வரவில்லை. ஒரு விளக்கை எடுத்தான், ஓர் அடி முன்னால் வைத்தான். அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டான்.

இன்று ஒன்று வைப்பான். நாளை ஒன்று வைப்பான், அது வாசப்படி. மிதிக்காதே என்று நீ சொன்ன படி. நாளை மாலை ஏழு மணிக்கு அவன் அதில் வந்து நிற்கும்போது அக்காவுக்குள் யாராவது இருக்க வேண்டும். நான் இருக்க மாட்டேன், சரசுவும் இருக்க மாட்டாள். கையெழுத்துப் போட வேண்டியவர் வராமல் நான் எதையும் யாரிடமும் ஒப்படைத்ததில்லை.

பதில் எழுதாதே. வா. ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இறங்கி, ஒக்கலிபுரம் அண்டர்பாஸ் தாண்டி, பச்சை கேட் போட்ட வீடு. கில்பர்ட் நாய் குரைக்கும், கடிக்காது.

கோவிந்தன்


வைட்ஃபீல்ட்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அங்கிள், ஆன்ட்டி,

வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து நான் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தபோது, ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், “எனக்குக் காத்து வேணும், வெளிய தள்ளுய்யா” என்றார் ஆன்ட்டி. எட்டு மாதமாக அந்த அறையை விட்டு வராதவர். நீங்களும் ஒன்றும் புரியாதவர் மாதிரி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு கேட் வரை போய்விட்டீர்கள். திரும்பி வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏழு ஐந்துக்கு அஷ்வின் எழுந்தான். கையில் விளக்கு இருந்தது. வாசப்படிக்கு எதிரே வந்து நின்றான், வைக்கவில்லை. வைக்கலாமா என்று கேட்கிற மாதிரி நின்றான். அந்த விளையாட்டில் கேட்க முடியாது, சொல்லவும் முடியாது. ஜாய்ஸ்டிக்கைத் தப்பாகத் தள்ளி அக்காவைச் சுவரில் முட்டிவிட்டேன். மரப்பெட்டியைத் திறந்து நானே ஒரு விளக்குச் செய்து, படியில் வைத்துவிட்டு, வெளியே இறங்கிப் போனேன். அவன் மூன்று அடி வந்தால் நான் ஓர் அடியாவது போக வேண்டாமா? அவன் தன் விளக்கை அதற்குப் பக்கத்தில் வைத்தான். இருவரும் கூரைக்கு அடியில் உட்கார்ந்தோம். நாற்பது நிமிடம் மழை பெய்தது. நீங்கள் வந்து காபியைப் பக்கத்தில் வைத்தது தெரியும், குடிக்கத்தான் முடியவில்லை.

சனிக்கிழமை போன் வந்தது. புது நம்பர். மைசூரில் ஒரு கடையில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கிறானாம். அந்த ஆபீஸ் நாற்காலியில் மூச்சு முட்டியது என்றான், என்னிடம் சொல்லப் பயமாக இருந்தது என்றான். நான் அந்த மீட்டிங்கைப் பற்றிப் பேசவில்லை. பேசுவேன், இப்போது இல்லை. கம்ப்யூட்டரைப் பிடுங்கியதைச் சொன்னேன். “தினமும் பாத்தேன்கா, புள்ளி சிவப்பாவே இருந்துச்சு. மே மாசத்தோட பாக்குறத விட்டுட்டேன். போன ஞாயித்துக்கிழமை ஒரு வருஷம் ஆச்சேன்னு தெறந்தேன், பச்சையா இருந்துச்சு. நம்பாம ரெண்டு நாள் வரல,” என்றான்.

அந்த நவம்பர் நாலு நாள் டெங்கு. ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். ஆன்ட்டி சரியாகச் சொன்னார்.

கூரை யார் போட்டது என்று முதல் கேள்வியே அதுதான். நான் போடவில்லை என்று அவனுக்குத் தெரியுமாம், எனக்கு நேராகக் கால் நடத் தெரியாதாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மைசூர் ரயிலில் வருகிறான். சிட்டி ஸ்டேஷனில் இறங்கி உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருகிறோம். ஆன்ட்டி இருக்கிற அறையில் அவனே டிவியைச் சரிபார்ப்பானாம்.

கம்ப்யூட்டரைத் திரும்பத் தருவதாக அன்று சொன்னீர்கள். வேண்டாம். ஆன்ட்டிக்கு நவம்பர் பனியைப் பார்க்க வேண்டும். அது உங்கள் வீட்டிலேயே முனகட்டும்.

ஆனால் உங்கள் ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில், ‘பெற்றுக்கொண்டவர் கையெழுத்து’ என்று கோடு போட்டுக் காலியாக வைத்திருந்தீர்கள். அன்று நான் கிளம்பும்போது அதை நீட்டவில்லை. ஏனென்று இப்போது புரிகிறது. இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பேனாவோடு வருகிறோம்.

உங்கள்,
அனுஷா